மணலில் விழாத பந்து

முப்பது வருஷம் கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவர் பையைச் சுமந்தவர் போஜன். முழங்கால் போன பிறகு மேடு ஏற முடியவில்லை. சரி, உட்கார்ந்தே ஆடுவோம் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் கோல்ஃப் பழகினார். குறைந்த அடியில் பதினெட்டுக் குழியிலும் பந்தைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

குன்னூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ரெஜினா டீச்சர்தான் அவருக்குக் குரு. மகள் வயசு. என்ன செய்வது, வித்தை அவரிடம் இருந்தது.

புதன்கிழமை காலையில் போஜன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், வீட்டுல அறுபத்தஞ்சு அடியில முடிக்கிறேன். ஒத்திகைப் போட்டியில தொண்ணூத்தேழு. மானமே போச்சு! என் கையில ஏதாவது கோளாறா?"

"ஞாயித்துக்கிழமைதானே போட்டி?"

"ஆமாங்க. ஜெயிச்சா அந்த விளையாட்டுக் கம்பெனியிலயே வேலை. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எனக்கு வேற என்ன வழி இருக்கு? பயமா இருக்குங்க."

"ஆடிக் காட்டுங்கண்ணா."

ஆடினார். இரண்டு குழி ஜோராகப் போனது. மூன்றாவதில் பந்து, ஆடுபவரைச் சிக்க வைக்கவே வெட்டி வைத்திருக்கும் மணல் பள்ளத்தில் போய் விழுந்தது. அவர் விரல் தானாக ஒரு பொத்தானைத் தட்டியது. பந்து பழையபடி அடிக்கும் இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி அடித்தார். இந்த முறை புல்லில் இறங்கியது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒவ்வொரு அடிக்கு முன்னாடியும் சேவ் பண்ணி வெச்சுக்குவேன். தப்பாப் போனா திரும்பி வந்துடலாம். வீட்டுல ஆடுறவங்க எல்லாரும் இப்படித்தாங்க."

"போட்டியில?"

"அங்க விடமாட்டாங்க."

"மணல்ல விழுந்தா எப்படி வெளிய எடுப்பீங்க?"

போஜன் தலையைச் சொறிந்தார். "அங்க நான் நின்னதே இல்லீங்களே."

"மைதானத்துல நீங்க பை சுமந்த ஆளுங்க என்ன செய்வாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எஸ்டேட் மேனேஜர் ஒருத்தர் இருந்தார். பந்து மணல்ல கிடந்தா நைசா காலால வெளிய தள்ளிவிடுவார். நான் மரத்தை வேடிக்கை பாக்குற மாதிரி நிப்பேன்."

"அவர் ஆட்டம் தேறிச்சா?"

"எங்க தேறுறது! கடைசி வரைக்கும்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

மெல்லக் கேட்டார்: "இன்னும் நாலு நாள்தான் இருக்கு டீச்சர். நான் தேறுவேனா?"

ரெஜினா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரே அடி. பந்து நேராக மணலில் போய்ப் புதைந்தது. கீபோர்டை அவரிடமே திருப்பித் தள்ளினார்.

"இங்கேருந்து அடிங்கண்ணா."