பனிப்பாலத்தில் விழுந்த நிழல்

குரு என்றதும் தாடியும் காவியும் நினைவுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் குரு அறுபது வயதுப் பெண்மணி. கனத்த சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அண்டார்டிகாவில் பனியைத் துளைத்துக்கொண்டிருந்தவர். பெயர் தையல்நாயகி. சீடர் மாசிலாமணிக்கே நாற்பத்தேழு முடிந்து மீசை நரைத்துவிட்டது. பனியின் வயதைக் கணக்கிட இருபது வருடமாக அவரிடம் கற்றுக்கொண்டவர், இன்னும் அவர் முன்னால் கால்மேல் கால் போடமாட்டார்.

அந்த வருடம் மாசிலாமணிக்குப் பெரிய மனக்குறை. ஆராய்ச்சிக் குழுவில் நாலே நாலு இடம். அதில் இரண்டை ஓர் ஓவியருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டார் குரு. ஓவியர் நிலோஃபர் ஒரே இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஒரே பனிவெளியைத் தினமும் வரைந்தார். வாத்தியார் இருதயராஜ் தினமும் பகல் ஒரு மணிக்குத் தன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு சாட்டிலைட் போனில் பேசினார். துளைபோடும் இயந்திரத்தைப் பிடிக்க ஆளில்லாமல் மாசிலாமணிக்கு இடுப்பு ஒடிந்தது.

"இவங்க எதுக்கு மேடம்?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்று முறையும் குரு டீயை ஊதிக் குடித்தார்.

இருபத்திரண்டாம் நாள் காலை புயல் எச்சரிக்கை வந்தது. மூன்று மணி நேரத்தில் அடிக்கும். தங்கியிருந்த கூடாரம் அந்தக் காற்றுக்கு நிற்காது, அதற்குள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நால்வரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதலில் மாசிலாமணி, அடுத்து குரு, பிறகு நிலோஃபர், கடைசியில் வாத்தியார்.

பத்து நிமிட நடையில் பாலம் வந்தது. பாலம் என்றால் கட்டிய பாலம் இல்லை. பனிப்பிளவின் வாயைப் புதுப்பனி விழுந்து மூடிய இடம். பார்த்தால் மற்ற தரை மாதிரியேதான் இருக்கும், அடியில் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று மாசிலாமணிதான் பனியின் கனம் காட்டும் ரேடாரை இழுத்துப்போய் அளந்து, தாங்கும் என்று கொடி நட்டிருந்தார். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நீளக் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் போக வேண்டும். அன்றிருந்த அவசரத்தில் கம்பி அவர் முதுகுப்பையிலேயே கிடந்தது.

"நில்லுங்க!" நிலோஃபர் கத்தினார்.

"என்ன இப்ப?"

"கொடியோட நிழல் இல்ல, அதுக்குப் பக்கத்துல இன்னொரு நிழல் விழுந்திருக்கு. இங்கதான் தினம் வரைஞ்சேன். இருபது படத்துல ஒண்ணுலகூட அந்த நிழல் கிடையாது."

மாசிலாமணி உற்றுப் பார்த்தார். அவருக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"நிழலாவது மண்ணாவது! ஒன்றரை மீட்டர் கனம்னு ரேடார் சொல்லுது. நேரா போனா ஒரு மணி நேரம். சுத்திப் போனா மூணு மணி நேரம். நடுவழியில புயல்ல மாட்டிக்கிட்டுச் சாகச் சொல்றீங்களா?"

"எனக்குக் கனமெல்லாம் தெரியாது சார். நிழல் தெரியுது."

மேகம் ஏறிக்கொண்டே வந்தது. சூரியனை மூடிவிட்டால் அந்த நிழலும் யார் கண்ணுக்கும் தெரியாது. மாசிலாமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மேடம், நீங்களே சொல்லுங்க. நான் அளந்தது சரியா, இவங்க பாத்தது சரியா?"

குரு வாத்தியார் பக்கம் திரும்பினார். "சார், இவங்க ரெண்டு பேரும் என்ன சொல்றாங்க? உங்க பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க."

"பாடம் நடத்துற நேரமா மேடம் இது?" என்றார் மாசிலாமணி.

வாத்தியாருக்குப் பயத்தில் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் வகுப்பில் நிற்கிற மாதிரி நிதானமாகத்தான் பேசினார்.

"அளந்த அன்னிக்கு ஒன்றரை மீட்டர் இருந்துச்சுன்னு மாசிலாமணி சார் சொல்றார். நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல, நிழல் விழற அளவுக்குத் தரை அமுங்கியிருக்குங்கறாங்க இவங்க. இதுல சண்டையே இல்லீங்களே. எங்க பிள்ளைங்களா இருந்தா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். சார், நீங்க எப்ப அளந்தீங்க?"

"வந்த அன்னிக்கு. இருபத்தோரு நாள் ஆச்சு" என்றார் மாசிலாமணி.

முதுகுப்பையிலிருந்து கம்பித் துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று பூட்டினார். குப்புறப் படுத்து, கையை எட்டியமட்டும் நீட்டி, நிலோஃபர் காட்டிய இடத்தில் குத்தினார். ஒரு முழத்துக்குப் பனி தடுத்தது. அதற்குப் பிறகு எதுவும் தடுக்கவில்லை. கம்பி கையிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. விழும் சத்தத்துக்காக நால்வரும் காத்திருந்தார்கள். சத்தம் வரவே இல்லை.

மாசிலாமணி தவழ்ந்தபடியே பின்னால் வந்தார். நிலோஃபர்தான் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது.

சுற்றுவழியில் திரும்பி வேகமாக நடந்தார்கள். காற்று தொடங்கிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் மாசிலாமணிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இப்படி ஒண்ணு நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க. அப்படித்தானே மேடம்?"

குரு நடையை நிறுத்தவில்லை.

"தெரியாது மாசிலாமணி. அந்தப் பாலம் தாங்கும்னுதான் நானும் நெனச்சேன். இருபது வருஷமா நாம ரெண்டு பேரும் பனியை ஒரே மாதிரிதான் பாக்கறோம், அதான் வேற கண்ணுங்களைக் கூட்டிட்டு வந்தேன். நீ கால் வெச்சிருந்தா, அடுத்து வெக்கிற கால் என்னுதுதான்."