சிங்காரி வாங்கிய முதல் பரிசு

ஒரு காட்டில் ஆடுகூட வாய் வைக்காத ஒரு கொடி இருந்தது. ஆடு எதையெல்லாம் தின்னும் என்று உங்களுக்குத் தெரியும். சுவரொட்டியைத் தின்னும். பசை காயாமல் இருந்தால் இன்னும் விரும்பித் தின்னும். அந்த ஆடே முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போன கொடி அது. அதனால் அதற்கு ஆடுதின்னாப்பாளை என்று பெயர்.

அந்தக் கொடியில் பிறந்தவள் பேச்சி என்கிற பட்டாம்பூச்சி. புழுவாக இருந்த காலத்தில் அவள் வேறு இலையைத் தொட்டதே இல்லை. தின்ற கசப்பு முழுவதும் உடம்பிலேயே தங்கிவிட்டது. இறக்கை முளைத்த பிறகும் அது போகவில்லை. கறுப்பு இறக்கை, நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். பேச்சி மெதுவாகத்தான் பறப்பாள். அவளைத் தின்ன யாரும் வருவதில்லை, பிறகு அவளுக்கு என்ன அவசரம்?

கொடிக்குப் பக்கத்தில் ஒரு காட்டு எலுமிச்சை நின்றது. அதில் பிறந்தவள் சிங்காரி. அவளும் பட்டாம்பூச்சிதான், ஆனால் வேறு இனம். எலுமிச்சை இலை தின்று வளர்ந்த உடம்பு. கசப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. பறவைகள் தின்று பார்த்திருந்தால் பாராட்டியிருக்கும்.

ஆனால் தின்று பார்க்கவில்லை. ஏனென்றால் சிங்காரியின் இறக்கையிலும் அதே வெள்ளைத் திட்டு, அதே சிவப்புப் புள்ளிகள். சிங்காரியின் அண்ணன்மாருக்கு இந்தக் கோலம் கிடையாது. அவர்களுக்குக் கறுப்பில் ஒரு வரிசை வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். பெண்களுக்கு மட்டும் பேச்சி வீட்டுக் கோலம் வந்திருந்தது.

அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கமும் இருந்தது. காலையில் பறக்கப் போனால் பேச்சி வீட்டார் பறக்கிற பக்கமாகத்தான் போக வேண்டும். அவர்களைப் போலவே மெதுவாகப் பறக்க வேண்டும். ஏன் என்று சிங்காரி தன் சித்தியிடம் கேட்டாள். சித்திக்கும் தெரியவில்லை. நாலு பேர் செய்வதை நாமும் செய்துவிட்டுப் போவோமே என்றாள் சித்தி. சிங்காரிக்கு அது பிடிக்கவில்லை. வேகமாகப் பறக்கத் தெரிந்தவள், மெதுவாகப் பறக்கிறவர்கள் பின்னால் ஊர்வலம் போகிறாளே!

இப்போது ஒரு கணக்கு. அந்தக் காட்டில் சிவப்புப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சி பத்து இருந்தால், ஏழு பேச்சி வீட்டார், மூன்று சிங்காரி வீட்டார். அந்தக் காட்டுக் கரிச்சான் குருவி சின்ன வயதில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பிடித்துத் தின்றது. அது ஏழில் ஒன்று. கரிச்சான் அன்று முழுவதும் வாந்தி எடுத்தது. நாக்கு மரத்துப் போய் இரண்டு நாள் பேச்சே வரவில்லை. அதன் பிறகு எங்கே சிவப்புப் புள்ளியைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்று பேர் இனிப்பார்கள் என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், மூன்றுக்காக ஏழு முறை வாந்தி எடுக்க யாருக்கு வயிறு இருக்கிறது?

இதெல்லாம் சிங்காரிக்கும் தெரியாது. கரிச்சான் முகத்தைத் திருப்புவதைப் பார்த்து, தன் அழகைக் கண்டு கூச்சப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மார்கழி வந்தது. அந்தக் காட்டில் மார்கழி என்றால் கோலப் போட்டி. பட்டாம்பூச்சிகள் தரையில் குனிந்து கோலம் போட வேண்டியதில்லை. முதுகிலேயே இருக்கிறது. வந்து இறக்கையை விரித்து உட்கார்ந்தால் போதும். நடுவர் ஒரு சிலந்தி. கோடு இழுப்பதிலும் கோணம் பார்ப்பதிலும் அவரை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. அதனால் அவரை நடுவராகப் போட்டிருந்தார்கள். அவர் வலைக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்த போட்டியாளர்களுக்கு மதிப்பெண் போடப்படவில்லை.

போட்டிக்கு விதிகள் இரண்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போக வேண்டும். அடுத்தவரைப் பார்த்துப் போட்ட கோலத்துக்குப் பரிசு கிடையாது.

சிலந்தி நூலைப் பிடித்து வரிசையாக அளந்துகொண்டு வந்தார். சிங்காரிக்கு இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் இருந்தது. பேச்சிக்கும் இருந்தது. பிறகு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கோலம். பேச்சியின் உடம்பு சிவப்பு, சிங்காரியின் உடம்பு கறுப்பு. கோலத்துக்கு உடம்பு சேராது என்று அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

இதில் யாரோ ஒருவர் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள், யார் என்று கேட்டார் சிலந்தி.

பேச்சி வாயைத் திறக்கும் முன் சிங்காரி முந்திக்கொண்டாள். பார்த்துப் போடுகிறவர்களுக்குத்தான் கோடு நடுங்கும், என் கோலத்தையும் அந்த அக்கா கோலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாருடையது பளிச்சென்று இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். பேச்சி அன்று காலைதான் முட்செடியில் உரசியிருந்தாள். ஓரத்தில் கொஞ்சம் சாயம் போயிருந்தது.

சிங்காரியின் அண்ணன்மாரைக் கூப்பிட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். பேச்சி வீட்டில் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே கோலம். சிங்காரி வீட்டில் பெண்களுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்த கோலம். அதனால்தான் அண்ணன்மாரை அன்று எலுமிச்சை மரத்தைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். சிலந்தியும் கேட்கவில்லை. அவர் கோடு பார்ப்பவர், குடும்பம் விசாரிப்பவர் இல்லை.

முதல் பரிசு சிங்காரிக்கு. பேச்சி பார்த்துப் போட்டவள் என்று அறிவித்தாயிற்று.

இதோடு விட்டிருந்தால் கதையும் இதோடு முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் முதல் ஒரு தொல்லை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பேச்சியைச் சிங்காரி என்று நினைத்து அவளை வாழ்த்திவிட்டுப் போனார்கள். பேச்சியும் மறுக்கவில்லை. சரி, சரி என்று வாங்கிக்கொண்டாள். சிங்காரிக்கு வயிறு எரிந்தது. பரிசு வாங்கியது நான், வாழ்த்து வாங்குவது அவளா?

அவள் நேரே காட்டுப்பன்றியிடம் போனாள். பன்றிக்குத் தோண்டுவது ஒன்றுதான் தெரியும். ஆடுதின்னாப்பாளைக் கொடிக்கு அடியில் கிழங்கு நிறைய இருக்கிறது என்று பன்றியிடம் சொன்னாள். பன்றி இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. இரண்டு நாளில் அந்தக் காட்டில் இருந்த அத்தனை கொடியும் வேரோடு மல்லாந்து கிடந்தது. கிழங்கு இல்லை. பன்றிக்கு அதில் வருத்தமும் இல்லை. வேறு இடம் தோண்டப் போய்விட்டது.

கொடி இல்லாவிட்டால் பேச்சி வீட்டார் முட்டை இட முடியாது. பேச்சி காய்ந்து கிடந்த இலைகளை ஒவ்வொன்றாக முன்காலால் தட்டிப் பார்த்தாள். பட்டாம்பூச்சிக்குக் காலில்தான் ருசி தெரியும். ஒன்றிலும் உயிர் இல்லை. அன்றைக்கே அவள் தன் வீட்டார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பினாள்.

போகிற வழியில் எலுமிச்சை மரத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"சிங்காரி, கரிச்சான் பயப்படுவது உன் கோலத்துக்கு இல்லை. நான் ஒரு நாள் அதன் வயிற்றுக்குள் போய்ப் படுத்திய பாட்டுக்கு. நான் என்றால் நான் இல்லை, என் பெரியம்மா. நாங்கள் போன பிறகு அதை யார் ஞாபகப்படுத்துவார்கள் என்று யோசித்துக்கொள்."

பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று சிங்காரி சித்தியிடம் சொன்னாள்.  மறுநாள் காலை பறக்கக் கிளம்பியபோது சித்தி, யார் பின்னால் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிளையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாசி போனது, பங்குனி போனது. பட்டாம்பூச்சிக்கு ஆயுள் சில வாரம்தானே என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் கையைத் தூக்க வேண்டாம். கதைக்காகக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வைகாசியில் கரிச்சான் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது. பெண் குஞ்சு, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும். தாய்க் கரிச்சான் அதற்கு வேட்டை காட்டிக் கொடுத்தது. ஈசலைப் பிடிக்கலாம், வெட்டுக்கிளியைப் பிடிக்கலாம், சிவப்புப் புள்ளியை மட்டும் தொடக் கூடாது என்றது. ஏன் என்று கேட்டது குஞ்சு. தாய் தன் வாந்திக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னது. குஞ்சு பொறுமையாகக் கேட்டது. கேட்டுவிட்டு, அந்தப் பக்கமாகப் பறந்த ஒரு சிவப்புப் புள்ளியைக் கவ்விக்கொண்டு வந்தது.

அது சிங்காரியின் சித்தி.

தாய்க் கரிச்சான் பதறிப் போனது. குஞ்சைக் கிளையில் உட்கார வைத்து, வாந்தி வரும், வரும் என்று காத்திருந்தது. வெயில் சாய்கிறவரை காத்திருந்தது. வாந்தி வரவில்லை. குஞ்சு இன்னொன்று கேட்டது.

தாய்க் கரிச்சானுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. தானும் ஒன்றைப் பிடித்துத் தயங்கித் தயங்கித் தின்றது. இத்தனை வருடம் வீணாகப் போனதே என்று அதற்கு மனசு விட்டுப்போனது. இன்னும் இரண்டு தின்றது.

முன்னே பத்துக்கு ஏழு கசந்தது. இப்போது பத்துக்குப் பத்தும் இனித்தது. கணக்கில் வேறு எதுவும் மாறவில்லை.

ஐந்தாம் நாள் குஞ்சு சிங்காரியைத் துரத்தியது. அப்போதும் சிங்காரி அழகை நம்பினாள். இறக்கையை முழுக்க விரித்துக் காட்டினாள்.

"என்னைப் பார். கோலப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான்."

"நேற்றுத் தின்றதும் இதே கோலம்தான்" என்றது குஞ்சு.

சொல்லிக்கொண்டே கொத்தியது. சிங்காரியின் இடது பின்னிறக்கை பாதி அதன் வாயோடு போயிற்று. மீதிச் சிங்காரி ஒரு சூரை முட்புதருக்குள் விழுந்தாள். முள் குத்தியதால் குஞ்சு உள்ளே வரவில்லை. முள்ளுக்குள் கிடந்தபடி சிங்காரி அழுதாள். சித்திக்காகவும் அழுதாள், தனக்காகவும் அழுதாள். பேச்சி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

முதலில் அவள் சிலந்தியிடம் போனாள். எட்ட நின்றுகொண்டு, கோலத்தைப் பார்த்துப் போட்டது நான்தான், அதை எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள், பேச்சியைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்றார் சிலந்தி.

பிறகு அவள் இறக்கையை உற்றுப் பார்த்தார். இடப்பக்கம் வலப்பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே முதல் விதிப்படி பரிசு செல்லாது என்று குறித்துக்கொண்டார். அருகில் வந்தால் சரியாக அளந்து சொல்வதாகவும் சொன்னார். சிங்காரி அருகில் போகவில்லை.

ஒன்றரை இறக்கையோடு மலையைத் தாண்ட அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. இறக்கை தூக்கிய தூரம் பறந்தாள், மற்றதை நடந்தாள். எங்கே ஒரு நிழல் ஆடினாலும் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டாள். கூச்சம் என்று அவள் நினைத்தாளே, கரிச்சான் அப்படி முகத்தைத் திருப்புவதை ஒரு தடவையாவது திரும்பப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கினாள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஆடுதின்னாப்பாளை கொடி கொடியாகப் படர்ந்து கிடந்தது. பேச்சி ஓர் இலையில் உட்கார்ந்து முன்காலால் தட்டிப் பார்த்து முட்டை இட்டுக்கொண்டிருந்தாள். சிங்காரியைப் பார்த்தாள். இறக்கையைப் பார்த்தாள். மறுபடி இலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிங்காரியே சொன்னாள். பன்றியை அனுப்பியது தான்தான் என்றாள், சித்தி போய்விட்டாள் என்றாள், தன்னை மன்னிக்கவே வேண்டாம், இங்கே ஓர் ஓரமாக இருந்துகொள்ள மட்டும் விட்டால் போதும் என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கரிச்சான் தாழப் பறந்து வந்தது. அந்தப் பக்கத்துக் கரிச்சான், சின்ன வயதில் வாந்தி எடுத்த கரிச்சான். அது இரண்டு சிவப்புப் புள்ளிகளையும் பார்த்தது. ஒன்று சரியாக இருந்தது. இன்னொன்று பிய்ந்து தூரமாக நடுங்கிக்கொண்டிருந்தது. கரிச்சான் கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அந்த இரண்டாவதைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தது.

பேச்சி முட்டை இடுவதை நிறுத்தவில்லை. திரும்பாமலேயே சொன்னாள்.

"ஓரமாக எதற்கு? இப்படிக் கிட்டே வந்து உட்கார். நடுங்காதே. எங்களுக்கு நடுங்கத் தெரியாது."

சிங்காரி நகர்ந்து நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இறக்கையோடு இறக்கை உரசியது. கரிச்சான் இன்னும் ஒரு முறை பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈசல் பிடிக்கப் போய்விட்டது.

மறுநாள் காலை பேச்சி வீட்டார் பறக்கக் கிளம்பினார்கள். ஒன்றரை இறக்கையோடு ஒருத்தி கடைசியில் போனாள். அவள் மெதுவாகத்தான் பறந்தாள்.

நீதி: யார் பேரால் பிழைக்கிறோமோ அவரைத் துரத்தினால், அந்தப் பேரும் அவரோடு போய்விடும்.