பஜ்ஜியைப் புடிச்ச ஹவில்தார்

திருச்சியில ஒரு மொபைல் கடைக்கு மேல்மாடியில ஒரு குரு இருந்தாங்க. பேரு பெனிட்டா, வயசு இருபத்தி நாலு. மேசை மேல கட்டைவிரல் உசர பொம்மைச் சிப்பாய்ங்களை நிறுத்தி, டேப் வச்சு அளந்து, டைஸ் உருட்டிப் போர் நடத்துறதுல அவங்களை அடிச்சுக்க ஆளில்ல.

சீடர் சிங்காரம், நிஜப் பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். மீசையைப் பாத்தாலே எதிரி பாதி செத்துருவான். மேசையில மட்டும் சகலை கதிரேசன்கிட்ட தோத்துக்கிட்டே இருந்தார். கதிரேசன் பாத்திர வாடகைக் கடைக்காரர். துப்பாக்கியைத் தொட்டது திருவிழாவுல பலூன் சுட மட்டும்தான்.

ஞாயித்துக்கிழமை பந்தயம். தோத்தவர் ஜெயிச்சவரை, சிங்காரம் மக கல்யாணத்துல, மைக்கைப் புடிச்சு "தளபதி அவர்களே, வருக"ன்னு வரவேற்கணும். பழைய பட்டாளத்துக்காரங்க மொத்தமும் வருவாங்க. நினைச்சாலே சிங்காரத்துக்குச் சோறு இறங்கல.

"குருவே, கைகலப்புல இறங்குனா நான்தான் ஜெயிக்கிறேன். மேசை நடுவுல இருக்கற பொம்மை வீட்டைப் புடிச்சு உள்ள போயிடுறேன். அடுத்த டர்ன்லயே என் மொத்தப் பயலும் காலி. டைஸ்ல கோளாறா?"

"டைஸ் நல்லாத்தான் இருக்கு அங்கிள்."

"அப்ப எதுல கோளாறு?"

அந்நேரம் கீழ டீக்கடையில இருந்து வாழைக்கா பஜ்ஜி வந்துச்சு, சட்டியில இருந்து நேரா. பெனிட்டா தட்டை நீட்டுனாங்க.

"பாயுங்க அங்கிள்."

பாய்ஞ்சார். இருக்கறதுலயே பெரிசைப் புடிச்சார். குரு தட்டை எடுத்துக்கிட்டாங்க.

மேசையில வைக்கலாம்னா பெயிண்ட் காயாத பொம்மைங்க. நாற்காலியில விதிப் புத்தகம். வாயில போடலாம்னா, இருக்கறது ஒரே நாக்கு. வலது கை, இடது கைன்னு பஜ்ஜி பரேடு நடத்துச்சு. கடைசியில சட்டைப் பையில போட்டார். அங்க இன்னும் மோசம்.

"புடிச்சாச்சு. இப்ப?"ன்னாங்க குரு.

சிங்காரம் சட்டைப் பையை உதறிக்கிட்டே ஆடிக்கிட்டிருந்தார்.

ஞாயித்துக்கிழமை, கதிரேசன் கடை மேசை. நடுவுல வீடு, உள்ள கதிரேசன் ஆளுங்க. எதிர் மேட்டுல கதிரேசனோட மெஷின் கன், வீட்டு வாசலையே பாத்துக்கிட்டு. சிங்காரம் பாய்ஞ்சார், வழக்கம்போல ஜெயிச்சார். ஜெயிச்ச படை வீட்டுக்குள்ள போகலாம், இல்ல கிளம்புன இடத்துக்கே திரும்பலாம், அதான் விதி.

"உள்ள போ சகலை. உன் வீடு மாதிரி நினைச்சுக்க."

சிங்காரத்தோட கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. எண்ணெய்க் கறை இன்னும் போகல.

"இல்ல சகலை. கிளம்புன சுவத்துக்குப் பின்னாடியே திரும்பிக்கறேன்."

"பயந்துட்டியா? அப்ப நானே குடிபோறேன்"னு கதிரேசன் மேட்டுல இருந்த மொத்தப் பேரையும் கீழ இறக்குனார். மெஷின் கன் அனாதையா நின்னுச்சு. வெட்டவெளியில வந்தவங்க மேல, சுவத்துக்குப் பின்னாடி இருந்து சிங்காரம் படை பாய்ஞ்சுது. ஆட்டம் முடிஞ்சுது.

சிங்காரம் ரெண்டு ரெண்டு படியா மாடி ஏறி வந்தார்.

"ஜெயிச்சுட்டேன் குருவே. மைக்குல ஒரு தடவை போதாது, மூணு தடவை சொல்ல வைக்கப்போறேன். என் கொழுந்தியா முன்வரிசையில உக்காந்து புருஷன் மூஞ்சியப் பாக்கணும்."

"பாக்கட்டும். கல்யாணத்துக்கு அண்டா, குண்டா எல்லாம் எங்க எடுக்கறீங்க?"

"சகலை கடையிலதான். காசே வேணாம்னுட்டான்."

குரு தட்டை அவர் பக்கம் நகத்துனாங்க.

"இப்பதான் சட்டியில இருந்து வந்துச்சு. எடுத்துக்கறீங்களா அங்கிள்?"