நாற்பது நாள் வெளியே போகாதவர்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு முதியோர் இல்லம். ஞாபகம் தப்பிப்போனவர்களுக்கென்று அதில் தனியாக ஒரு கட்டடம் உண்டு. அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பான நர்ஸ் அமலோற்பவத்துக்கு வந்த சிக்கலைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன். அவசரப்பட்டு விடை சொல்கிறவர்கள் அவளைப் போலவே ஏமாந்துபோவார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கலின் பெயர் சங்கிலிமுத்து. வயது எழுபத்தெட்டு. முப்பத்து நாலு வருடம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர். மகள் பெயர் மறந்துவிட்டது, வேலை மறக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, முன்வாசல் தெரியும் கூடத்தில் காபி குடித்து முடித்ததும் எழுந்து வாசலுக்கு வருவார். செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த வீட்டுக்குப் போகணும்ல" என்று கிளம்பிவிடுவார். ஒரே மாதத்தில் மூன்று முறை நெடுஞ்சாலைக்குப் போய்விட்டார். மூன்றாவது முறை ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு நிறுத்தி, இறங்கி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். இன்னொரு முறை போனால் வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகி மகளிடம் சொல்லிவிட்டார். மகள் பூங்கோதைக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள் வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் வேறு ஆளில்லை. சங்கிலிமுத்துவுக்குப் போக்கிடம் இது ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்ததும் எல்லோரும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். தினமும் மூன்று மணிக்கு அதை அமலோற்பவமே நின்று விழுங்கவைத்தாள். வாட்ச்மேன் செபஸ்தி கேட்டுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கிழவர் வந்தால், இன்னைக்கு பஸ் ஓடல என்று சொல்லித் திருப்பி அனுப்புவதாகத் திட்டம். பூங்கோதை நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு அப்பாவின் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அதே வாரம் அடைமழை வேறு. வருகிறவர் போகிறவரெல்லாம் முன்வாசலைச் சகதியாக்குகிறார்கள் என்று கூட்டிப் பெருக்கும் காளீஸ்வரி திட்டித் தீர்த்தாள். அங்கிருந்த செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிக் கொல்லைப்புறக் குழாயடியில் வைத்தாள்.

சங்கிலிமுத்து வெளியே போவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள், பத்து நாள், நாற்பது நாள். காபியைக் குடிப்பார், அப்படியே உட்கார்ந்திருப்பார்.

பெருமைக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். மாத்திரைதான் என்றாள் அமலோற்பவம். "என் வாய்க்குப் பயந்துதான் சிஸ்டர்" என்றார் செபஸ்தி. "என் முகத்தப் பாத்தா எங்கப்பா அடங்கிருவாரு" என்றாள் பூங்கோதை.

நடுவில் தீபாவளி சமயம் மாத்திரை வந்து சேராமல் நாலு நாள் விட்டுப்போனது. அவர் போகவில்லை. பழைய மாத்திரை உடம்பில் இருக்கும் என்று அமலோற்பவம் சமாதானம் சொல்லிக்கொண்டாள். செபஸ்தி தங்கச்சி மகள் காதுகுத்துக்கு இரண்டு நாள் போயிருந்தார், தண்ணீர் லாரிக்காகக் கேட் திறந்தே கிடந்தது. அப்போதும் போகவில்லை. இரவு ஷிப்ட் வந்த வாரம் பூங்கோதை நாலு மணிக்கு அசந்து தூங்கிவிட்டாள். அப்போதும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

ஆனால் மாத்திரை அவரைத் தள்ளாட வைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போனார். பேச்சும் குறைந்துபோனது.  லாரியில் அடிபடுவதற்கு இது தேவலை என்று அமலோற்பவம் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாற்பத்தோராம் நாள் கல்லூரிப் பிள்ளைகள் முப்பது பேர் பழக்கூடைகளோடு வந்தார்கள். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாட்டுப் பாடி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மாத்திரை தவறவில்லை. செபஸ்தி கேட்டிலேயே இருந்தார். பூங்கோதையும் பேசினாள். அவள் போனை வைத்த ஐந்தாவது நிமிடம் சங்கிலிமுத்து கேட்டுக்கு வந்துவிட்டார்.

"ஐயா, இன்னைக்கு பஸ் ஓடல."

"நான் எப்பப்பா பஸ்ல போனேன்? பக்கத்து வீடுதான."

பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார் என்று பயந்து, செபஸ்தி சிஸ்டரைக் கூப்பிட ஓடினார். அமலோற்பவம் தேடிக்கொண்டு போனபோது, அடுத்த தெருவில் ஒரு வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி அவர் நின்றிருந்தார். காலில் யாரோ ஒரு மாணவனின் நீலச் செருப்பு.

"கூட்டத்தப் பாத்து மிரண்டிருக்கார். மாத்திரைய ரெண்டாக்கிடலாம். ஆறு மணிக்குள்ள சொல்லுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர் போனில். இரண்டு மாத்திரை என்றால் மனிதர் படுத்த படுக்கைதான். வேண்டாமென்றால் நிர்வாகி இன்றைக்கே பூங்கோதையை வரச் சொல்லிவிடுவார்.

மணி ஐந்தரை. நாற்பது நாள் அவரை உள்ளே வைத்திருந்தது யார்? அமலோற்பவம் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

விடை: போட்டி போட்ட மூவரில் ஒருவரும் இல்லை. காளீஸ்வரிதான். வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய் வேலையை முடித்து, திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்புவது முப்பத்து நாலு வருடப் பழக்கம். வாசலில் செருப்பைக் கண்டால் அவருக்கு அது யாரோ ஒருவர் வீடு, வேலை முடிந்தது, கிளம்ப வேண்டும். செருப்பு கண்ணில் படாத நாட்களில் இது அவருடைய வீடாக இருந்தது. டாக்டரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும், அமலோற்பவமும் சொன்னாள். விருந்தாளிகள் செருப்பும் இனிக் கொல்லைப்புறம்தான் என்றதும் நிர்வாகி இன்னொரு மாதம் பார்க்கலாம் என்றார். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். தேவையில்லாத மருந்தை நாற்பது நாள் தன் கையாலேயே கொடுத்தோமே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, "அப்ப நான் பேசினதால நிக்கலையா? இனிமே பேச வேண்டாமா சிஸ்டர்?" என்று அவள் கேட்டாள். "பேசுங்கம்மா," என்றாள் அமலோற்பவம், "நீங்க போனை வச்ச பெறகும் கொஞ்ச நேரம் சிரிச்ச முகமா இருக்காரு."