குளம்படியைக் காத்த மான்

செம்மலைக் காட்டின் நடுவில், தாமரைக் குளத்தை ஒட்டி, ஒரு செம்மண் டென்னிஸ் ஆடுகளம் இருந்தது. ஆண்டுதோறும் இளவேனிலில் அங்கே பெண் விலங்குகளுக்கான போட்டி நடைபெறும். இலவம்பஞ்சை உருட்டிக் கொடியால் இறுக்கிய பந்து. மூங்கில் வளையத்தில் நார் பின்னிய மட்டை. முன்பு வாகை சூடியவர்கள் குளக்கரைப் பாறையில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள். கரடியும் மயிற்பேடையும் அவர்களுள் இருவர்.

மாதுளி என்னும் புள்ளிமான் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வென்றவள். மூன்றாம் முறையும் வென்றால், அந்தப் பாறையில் இருந்த எவருக்கும் கிட்டாத பெருமை அவளுக்குக் கிட்டும்.

இரண்டாம் ஆண்டின் கடைசிப் புள்ளியை அவள் குளத்தருகே இருந்த பின்மூலையில்தான் வென்றாள். சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை அடித்தபோது, அவளுடைய குளம்புகள் ஈரமண்ணில் இரண்டு பிறைகளைப் போலப் பதிந்தன.

செம்மண் களத்தில் ஆட்டம் முடிந்தவுடன் தடங்களைக் கூட்டி அழித்து, நீர் தெளிப்பது வழக்கம். அதைச் செய்தவள் முள்ளி என்னும் முள்ளம்பன்றி. முட்களை மண்ணில் தோயவிட்டு அவள் நடந்தால் போதும், களம் வழவழப்பாகிவிடும்.

“நில், முள்ளி! அந்த மூலையைத் தொடாதே!” என்றாள் மாதுளி.

“ஏன்? அங்கே புதையலா இருக்கிறது?”

“என் வெற்றி இருக்கிறது!”

“வெற்றியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகாமல், என் களத்தில் ஏன் போட்டுவிட்டுப் போகிறாய்?” என்று முணுமுணுத்துக்கொண்டே முள்ளி விலகினாள். வாகை சூடியவளின் விருப்பம் என்று நடுவர் நாரையும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கோடையில் அத்தடம் சுட்ட ஓடுபோல் இறுகியது. மழைக்காலத்தில் மாதுளி அதைத் தேக்கிலைகளால் மூடிக் காத்தாள். அந்திதோறும் அவள் அதன் அருகே வந்து நிற்பாள். செந்தூள் காற்றில் மிதக்கும். குளத்து நீரில் வானம் மெல்லக் கரையும். அப்போது அந்தப் பந்து மீண்டும் மெதுவாக மிதந்து வருவதுபோலவும், தான் சறுக்குவதுபோலவும், காடு முழுவதும் மூச்சை அடக்குவதுபோலவும் அவளுக்குத் தோன்றும். பயிற்சியா? அதை நாளை பார்த்துக்கொள்ளலாம். இந்த நொடியை விட்டு எப்படிப் போவது?

மறுபடியும் இளவேனில் வந்தது. முந்தைய சுற்றுகளில் மாதுளியின் வலுவான அடிகள் எவரையும் அந்த மூலைக்குப் பந்து அனுப்ப விடவில்லை. இறுதி ஆட்டத்தில் அவளை எதிர்த்தவள், முதன்முறை களம் இறங்கிய சிவந்தி என்னும் கீரி.

“அடி மாதுளி! அந்தக் குழியை இன்னுமா மூடவில்லை?” என்று பாறையிலிருந்து கரடி கூவினாள்.

“அது குழி அன்று, கரடியக்கா, குளம்படி! என் குளம்பின் தடம்!”

“நானும் வென்றவள்தான்! என் தடம் எங்கே என்று கேட்டால் எனக்கே தெரியாது!”

“அதனால்தான் ஒரு முறையோடு நின்றுவிட்டீர்கள்!”

சிரிப்பை மறைத்துக்கொள்ளத் தனக்குத் தோகை இல்லையே என்று மயிற்பேடை தவித்தாள்.

முதல் செட் மாதுளிக்கு, இரண்டாவது சிவந்திக்கு. மூன்றாவது செட்டில் மாதுளி முந்தினாள். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வாகை அவளுடையது.

சிவந்தி அடித்த பந்து அந்தப் பின்மூலைக்கு வந்தது. மாதுளி பாய்ந்தாள். அடுத்த காலடி குளம்படியின் மேல் விழ வேண்டும். ஆனால், கால் தானாகவே பின்வாங்கியது. பந்து அவளைக் கடந்து சென்றது.

“புள்ளி சிவந்திக்கு!” என்றாள் நாரை.

சிவந்தியின் கண்கள் சுருங்கின. ‘எட்டும் பந்தை ஏன் விட்டாள்? ஓ! அவள் அங்கே மிதிக்க மாட்டாள்!’

அதன்பின், பக்கம் மாறி மாதுளி அந்த மூலைக்கு வந்தபோதெல்லாம், பந்துகளும் அங்கேயே வந்தன. மாதுளி தாண்டினாள், சுற்றி ஓடினாள், மூச்சிரைத்தாள். ‘மிதித்தால் என்ன? மிதித்தால் அது போய்விடும். அது போய்விட்டால் நான் யார்?’

இப்போது சிவந்திக்கு ஒரே ஒரு புள்ளி போதும். கடைசிப் பந்து உயரமாக, மெதுவாக, செந்தூளினூடே மிதந்து வந்தது. அந்திதோறும் அவள் கனவில் கண்ட அதே பந்து! சறுக்கினால் எட்டிவிடும். மாதுளி ஒரு காலைத் தூக்கியபடி விளிம்பிலேயே நின்றுவிட்டாள். பந்து விழுந்தது, கூட்டில் இட்ட முட்டைபோல் குளம்படிக்குள்ளேயே அமர்ந்துகொண்டது.

“ஆட்டம் முடிந்தது! வாகை சிவந்திக்கே!”

எல்லாரும் கீரியிடம் ஓடினார்கள். மாதுளி குனிந்து பார்த்தாள். இரண்டு பிறைகளும் ஒரு கீறலும் இன்றி அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.

களத்தைக் கூட்டிக்கொண்டு வந்த முள்ளி, மூலைக்கு முன்னே தயங்கி நின்றாள்.

“கொஞ்சம் பொறு, முள்ளி. இது உன் முட்களுக்கு அசையாது” என்றாள் மாதுளி.

அவள் காலை உயர்த்தி, ஓங்கி மிதித்தாள். இறுகிய மண் உடைந்தது. மீண்டும் மிதித்தாள்; மீண்டும் மீண்டும் மிதித்தாள். பிறைகள் பொடியாகி, செந்தூளாய் எழுந்து, குளத்தின்மேல் மிதந்து மறைந்தன.

“ம்! இப்போது கூட்டு!” என்றாள் மாதுளி.

வென்ற தடத்தைக் காத்துக்கொண்டு நிற்பவர், இனி வெல்ல வேண்டியதைக் கைநழுவ விடுவார்.