ஏழு தலைமுறைக் கையெழுத்து

நெடுங்கரை ராஜா உத்தமகேசரிக்கு நல்ல மனசு. நாட்டில் பாதித் தொல்லை அதனால்தான். ஒருநாள் காலையில் எழுந்ததும், "எழுத்தறியாத குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது!" என்று அறிவித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். விதிகளை எழுதியது உதவித்தொகை அதிகாரி வைத்தமாநிதி. அந்த மனிதர் கையிலிருந்து விபூதிகூட உதிராது.

சுண்ணாம்புக் காளவாயில் கல் சுடும் மாடக்கண்ணு, மகள் முப்பிடாதியோடு அவரிடம் போனார். கோயிலுக்குச் சுண்ணாம்பு சுமந்த பெண், சுவரிலிருந்த கல்வெட்டைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்று, நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்திருந்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் கல்லூரியில் சேராவிட்டால் இடம் போய்விடும். மறுபடி காளவாய்தான்.

"ஏழு தலைமுறையாக உன் வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்றார் வைத்தமாநிதி.

"தெரியாதுங்க எசமான்."

"வாயால் சொன்னால் ஆச்சா? 'எனக்கு எழுதத் தெரியாது' என்று ஒவ்வொருவரும் தம் கைப்பட ஓலையில் எழுதித் தரவேண்டும். முத்திரை வைத்து அசலை உன்னிடமே தருவோம். பத்திரமாக வைத்திருப்பது உன் பொறுப்பு."

"எழுதிட்டா, எழுதத் தெரியும்னு ஆயிடுமே?"

"அப்போது உதவி கிடையாது."

"எழுதலைன்னா?"

"விண்ணப்பம் முழுமையில்லை. அடுத்த ஆள் வா!"

மாடக்கண்ணு வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த வழியாக வந்தாள் அரசவை விகடக்காரி குழல்வாய்மொழி. பெயரில்தான் குழல், வாயைத் திறந்தால் ரம்பம். விஷயத்தைக் கேட்டாள்.

"இவ்வளவுதானா அண்ணாச்சி? எழுந்திரிங்க."

சந்தையில் ஏழு ஓலை வாங்கிக்கொண்டு அப்பனையும் மகளையும் நேரே அரசவைக்கு அழைத்துப் போனாள். "அரசே, ஏழு தலைமுறை அத்தாட்சியும் தயார்."

ராஜா கூப்பிட்டனுப்ப, வைத்தமாநிதி வந்து ஏழு ஓலையையும் புரட்டினார். "ஒன்றுமே எழுதவில்லையே!"

"எழுதத் தெரியாதவர் எழுதினால் வேறு எப்படி இருக்கும்? ஒரே ஒரு எழுத்தைக் காட்டுங்கள், நாங்கள் போய்விடுகிறோம்."

"இது இவன் கைப்பட எழுதியது என்று எப்படி நம்புவது?"

"அண்ணாச்சி, இவர் கண்ணெதிரே இன்னொன்று எழுதுங்க."

மாடக்கண்ணு எழுத்தாணியை வாங்கினார். ஓலையை முறைத்தார். வேர்த்துக் கொட்டியது. அப்படியே திருப்பிக் கொடுத்தார். குழல்வாய்மொழி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "பாருங்கள், அச்சாக அதே கையெழுத்து!"

"செத்துப்போன பாட்டன், முப்பாட்டன் ஓலையெல்லாம்?"

"அதிலும் இதே சாயல். ஒரே குடும்பம் இல்லையா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொண்டா முத்திரையை!" சிரித்த சிரிப்பில் ஏழு ஓலையிலும் பொத்துப் பொத்தென்று ராஜமுத்திரை விழுந்தது.

வைத்தமாநிதி அசரவில்லை. "படிப்புக் கட்டணம் ஐந்து பணம் தள்ளுபடி. மீதி ஐந்நூறு?"

"என்ன மீதி?" என்றார் ராஜா.

"மரநிழல் கட்டணம், மணியோசைக் கட்டணம், இனிமேல் கட்டப்போகும் நூலகத்துக்குக் கட்டணம், வராத நாளுக்கு வராமைக் கட்டணம், இந்தப் பட்டியலை வாசித்ததற்குக் கட்டணம். ஆணையில் 'படிப்புக் கட்டணம்' என்றுதானே சொன்னீர்கள் அரசே?"

அப்படித்தான் சொல்லியிருந்தார். ராஜா கூரையைப் பார்த்தார். வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. முப்பிடாதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியானால் வீட்டுக்குப் போவோம் அண்ணாச்சி," என்றாள் குழல்வாய்மொழி. "அசல் உங்ககிட்டதான் இருக்கணுமாம். ஓலையை எடுத்துக்குங்க."

வாசலைத் தாண்டுவதற்குள் வைத்தமாநிதிக்கு உறைத்தது. "ஐயோ அரசே! வெற்று ஓலையில் உங்கள் முத்திரை! மேலே என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே! கஜானா, யானைக் கொட்டாரம், ஐயையோ, என் வீடு!"

ராஜாவின் முகம் வெளிறிப் போயிற்று.

குழல்வாய்மொழி திரும்பினாள். "எதற்குப் பதற்றம்? அந்த வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. அதை நீங்களே சரிபார்த்தாயிற்று. எழுதத் தெரிந்தவள் இந்தப் பெண் ஒருத்திதான். நாளையிலிருந்து இவள் கல்லூரியில் உட்கார வேண்டுமா, வீட்டில் வேலையில்லாமல் உட்கார வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்."

வைத்தமாநிதி ஓடினார். தலைப்பாகை வழியிலேயே அவிழ்ந்து விழுந்தது. கல்லூரிக் கதவைத் தானே திறந்து பிடித்தார். "உள்ளே வாம்மா, தாயே! கட்டணமா? யார் கேட்டது?"

ராஜாவுக்குச் சிரிப்பு திரும்பியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழல்வாய்மொழியிடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த ஓலையெல்லாம் எப்போது திரும்பி வரும்?"

"முப்பிடாதி பட்டம் வாங்கும் அன்று, அரசே. அதுவரை பத்திரமாக வைத்திருப்பதற்குக் கட்டணம் தனி."