பிளசர் மலை ஏறின கதை

“மேஸ்திரி, இந்த வண்டி மலை ஏறுமா?”

சிக்கந்தர் மேஸ்திரி ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“கீழ என்ன குறைச்சல்?” என்று குரல் வந்தது.

கேட்டவர் வீரணன். போடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு இப்போது சும்மா இருக்கிறார். அறுபது தாண்டிவிட்டது. அவருக்குப் பின்னால் அவருடைய பழைய பெட்ரோல் கார் நின்றது. கல்யாணமான புதிதில் வாங்கியது. ஊரில் அதைப் பிளசர் என்பார்கள்.

“குறைச்சல் ஒண்ணும் இல்ல. மேல போகணும்.”

“மேல பஸ் போகுது. ஜீப் போகுது.”

“இதுலதான் போகணும்.”

சிக்கந்தர் வெளியே வந்தார். வீரணனைவிட இருபது வயது இளையவர். காரைப் பார்க்கவில்லை. வீரணன் முகத்தைப் பார்த்தார்.

“யாரு சொன்னா?”

“வீட்டுல.”

வீட்டில் என்றால் பவுன்தாய். வீரணன் மனைவி. அவள் இப்போது வீட்டில் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பவுன்தாயின் அம்மா மலைமேல் ஏலத் தோட்டத்தில் இறந்துபோனாள். தகவல் வந்ததும், ஜீப்பைப் பிடித்துப் போய்விடலாம் என்றாள் பவுன்தாய். கார் வைத்திருக்கிறவன் மாமியார் சாவுக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போவதா என்றார் வீரணன்.

பாதி மலையில் ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. ஆறட்டும் என்றார். கிளப்பியதும் மறுபடி கொதித்தது. ஆறட்டும் என்றார்.

அந்த வழியாக வந்த ஜீப்பில் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. பவுன்தாய் ஏறிக்கொண்டாள். அவள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பெற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீரணன் காரைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவள் இறங்கி வரவில்லை. மலைமேல் தன் தம்பி வீட்டிலேயே இருந்துகொண்டாள். ஒரே ஒரு முறை போனில் பேசினார்கள். நான் வரட்டுமா என்று கேட்டார்.

“வாங்க. உங்க பிளசர்லயே வாங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சிக்கந்தர் பானெட்டைத் திறந்து பார்த்தார். மூடினார்.

“இந்த என்ஜினுக்கு இனிமே சத்து இல்ல. டீசல் என்ஜின் போடணும். கியர் பாக்ஸையும் சேத்து மாத்தணும். ஒரு வேன் என்ஜின் இருக்கு.”

“போடுங்க.”

“நான் போட மாட்டேன்.”

“பெறகு?”

“நீங்க போடுங்க. நான் கூட நிக்கிறேன்.”

வீரணன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜீப் ஓட்டும் சௌந்தர் மறுநாள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்ன பெரியப்பா, அறுபதுல அப்ரண்டிஸா? சம்பளம் உண்டா, இல்ல அடி மட்டுந்தானா?”

“அடிதாண்டா,” என்றார் வீரணன்.

பழைய என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். காருக்குள் அது இருந்த இடத்தில் தரை தெரிந்தது. இறக்கி வைத்த என்ஜினைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார் வீரணன்.

“அதை வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?”

“இல்ல. எதுக்கு?”

“பெறகு யாருக்குத் துடைக்கிறீங்க?”

வீரணன் துணியைக் கீழே போட்டார்.

அந்தக் காருக்குக் கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்தது. முன்சீட்டு ஒரே நீளப் பலகை. புதுக் கியர் பாக்ஸுக்குக் கம்பு தரையிலிருந்து வர வேண்டும். அதற்கு நடுவில் தகரத்தை வெட்ட வேண்டும்.

சிக்கந்தர் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, உளியைக் கொடுத்தார்.

வீரணன் வாங்கவில்லை.

“கொஞ்சம் தள்ளி வெட்டக் கூடாதா?”

“ஏன்?”

“அது அவ தூக்குவாளி வைக்கிற இடம்.”

“இப்ப இருக்கா?”

“என்னது?”

“தூக்குவாளி.”

வீரணன் உளியை வாங்கினார். அன்று பொழுது சாயும்வரை அந்தச் சின்ன வட்டத்தை வெட்டினார்.

கம்பை மாட்டியதும் உட்கார்ந்து கியர் போட்டுப் பழகினார். இடது கை ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்குக்கு அடியில்தான் போனது. அங்கே காற்றைத் துழாவிவிட்டுத் திரும்பி வந்தது.

“கை அங்கேயே போகுது மேஸ்திரி.”

“போகட்டும்.”

“அங்க ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியுதே.”

“உங்களுக்குத் தெரியும். கைக்குத் தெரிய வேணாமா?”

எல்லாம் பூட்டி முடிந்தது. வீரணன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் முனகியது. கிளம்பவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தார். மறுபடி திருப்பினார். மறுபடி முனகல்.

“பேட்டரியக் கொல்லாதீங்க,” என்றார் சிக்கந்தர். “பெட்ரோல்காரவுக பழக்கம் இது. இங்க மிதிச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. டீசல் வர்ற வழியில காத்து அடைச்சு நிக்குது. காத்த எடுங்க.”

“எப்படி எடுக்க?”

சிக்கந்தர் ஒரு நட்டைத் தளர்த்திவிட்டார். கையால் அடிக்கிற சின்னப் பம்பைக் காட்டினார். வீரணன் அடித்தார். நட்டு இடுக்கில் நுரை நுரையாக டீசல் வந்தது.

“எவ்வளவு நேரம் அடிக்கணும்?”

“நுரை நிக்கிற வரைக்கும்.”

வீரணன் அடித்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு ரோட்டுல வேலை நடந்துச்சு மேஸ்திரி. இல்லாட்டி வண்டி ஏறியிருக்கும்.”

“நுரை வருது. அடிங்க.”

“ஒரு கேன் தண்ணி கூட எடுத்துட்டுப் போயிருந்தா…”

“அடிங்க.”

“அந்த ஜீப்புல இன்னொரு ஆளுக்கு இடம் இருந்திருந்தா நானும் கூடத்தானே போயிருப்பேன்?”

சிக்கந்தர் குனிந்தார். நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரணனும் அதைப் பார்த்தார். நுரை வந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அடித்தார். தோள் வலித்தது, கையை மாற்றிக்கொண்டு அடித்தார். எதிர்க் கடையில் யாரோ டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. நுரை குறைந்தது. ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு டீசல் தெளிவாக வழிந்தது.

சிக்கந்தர் நட்டை இறுக்கினார்.

“இப்பத் திருப்புங்க.”

கார் முழுக்க ஒரு உலுக்கு உலுக்கி என்ஜின் பிடித்துக்கொண்டது. கதவு ஆடியது. கண்ணாடி ஆடியது. வீரணனின் பல்லும் ஆடியது.

“என்ன மேஸ்திரி, இப்படி நடுங்குது!”

“டீசல் அப்படித்தான். ஏறுங்க.”

“எங்க?”

“மேல.”

“இப்பவேயா? குளிச்சு, வேட்டி மாத்தி, நல்ல நேரம் பாத்து…”

சிக்கந்தர் குனிந்து சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டார். கார் தானாக ஒரு அடி நகர்ந்தது.

வீரணன் போனார். கிரீஸ் அப்பிய கையோடும் பனியனோடும் போனார். ஆணியில் மாட்டிய சட்டையை சிக்கந்தர் ஓடிவந்து ஜன்னல் வழியாக மடியில் எறிந்தார்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. கார் திணறவில்லை. சத்தம் போட்டுக்கொண்டே, அவசரப்படாமல் ஏறியது. அன்று எந்த வளைவில் நின்றோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். மலை உச்சி மெட்டில் குளிர்காற்று முகத்தில் அடித்தபோதுதான் தெரிந்தது. அந்த வளைவு எப்போதோ கீழே போய்விட்டது.

மச்சினன் வீட்டு வாசலில், மூடிய கதவுக்கு எதிரே காரை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். ஒன்றும் தோன்றாவிட்டால், யாரும் பார்ப்பதற்குள் மலை இறங்கிப் போய்விடலாம்.

சாவியைத் திருப்பி எடுத்தார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சாவியைச் செருகி, திருப்பி, மறுபடி எடுத்தார். ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வீரணனுக்கு வியர்த்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“மேஸ்திரி, சாவிய எடுத்துட்டேன். வண்டி நிக்க மாட்டேங்குது!”

“நிக்காதுண்ணே. பெட்ரோல் வண்டி தீப்பொறியில எரியுது. சாவிய எடுத்தா பொறி போயிரும், வண்டி நின்னுரும். இதுக்குப் பொறி கிடையாது. உள்ளுக்குள்ள இருக்கிற அழுத்தத்துலயே எரியும். நிறுத்தணும்னா தனியா ஒரு கம்பி இருக்கு, அதை இழுக்கணும்.”

“எங்க இருக்கு கம்பி?”

“நான் மாட்டல.”

“மாட்டலையா? ஏன்யா மாட்டல?”

“இப்ப எங்க நிக்கிறீங்க?”

“வாசல்ல.”

“அவங்க வெளிய வந்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப எதுக்கு நிறுத்தணும்?”

போன் வைக்கப்பட்டது.

கதவு திறந்தது. பவுன்தாய் வந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. படியில் நின்று காரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தாள். கார் நடுங்கிக்கொண்டே இருந்தது.

“தெருவே கூடிரும்போல இருக்கு,” என்றாள் கடைசியில். “இதை நிறுத்தக் கூடாதா?”

வீரணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாவியைக் காட்டினார்.

“எடுத்துட்டேன் பவுனு. நிக்க மாட்டேங்குது.”